கூரைக்கு மேல் போட்ட கிடுகு

வெயிலில் கிடக்கும் தகரம் சுடும். இது தெரிய யாரும் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. அதனால்தான், சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் என் அக்காவின் மகள் ஏணியைக் காட்டி, "ஏறித் தகரத்தில கைய வச்சுப் பாருங்கோ சின்னம்மா" என்றபோது, இந்தப் பிள்ளைக்குப் படித்துப் படித்து மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். கிளிநொச்சியில் பொறியியல் படித்து முடித்து, அங்கேயே ஏதோ ஆய்வு செய்கிறாள். ஒன்றைச் சொன்னால் செய்விக்காமல் விட மாட்டாள். கையில் ஈரத் துவாயைச் சுற்றிக்கொண்டு ஐந்து படி ஏறினேன். முதலில் துவாயோடு தொட்டேன். ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு விரல். பிறகு முழு உள்ளங்கை.

சுடவில்லை. நிழலில் வைத்த தண்ணீர்க் குடத்தைத் தொட்டதுபோல் இருந்தது. கையை எடுத்துவிட்டு மேலே பார்த்தேன். சூரியன் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. என் உச்சந்தலை கொதித்தது. ஏணிக் கம்பி சுட்டது. அந்தத் தகரம் மட்டும் சுடவில்லை. இறங்கியதும் அவள் "எப்பிடி?" என்று சிரித்தாள். ஒரு விஷயம் விளங்காவிட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அது என் பிறவிக் குணம்.

"உதில ஏதோ சுத்துமாத்து இருக்கு" என்றேன்.

எங்கள் வீடு உடையார்கட்டில். இரண்டு அறை, ஒரு குசினி. அரசாங்க வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடு. ஓடு போடுவதாகச் சொல்லிக் கடைசியில் தகரம்தான் வந்தது. நடமாடுகிற ஆளுக்குத் தகர வீடு பெரிய பிரச்சினை இல்லை. வெயில் ஏறினால் எழும்பி மாமரத்தடிக்குப் போய்விடலாம். என் கணவரால் எழும்ப முடியாது. சண்டையின் கடைசி மாதங்களில் ஒரு செல் துண்டு அவருடைய முள்ளந்தண்டில் ஏறியது. நெஞ்சுக்குக் கீழே அவருக்கு உணர்வு இல்லை. உணர்வில்லாத இடத்தில் வியர்வையும் வராது என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் முதலில் தெரியாது. சூடு உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. பதினொரு மணிக்கு முகம் சிவக்கத் தொடங்கும். பன்னிரண்டுக்கு நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறும். நான் துணியை நனைத்து நனைத்துப் போடுவேன். மின்விசிறி தகரத்துச் சூட்டைத்தான் அள்ளி அவர் மேல் கொட்டும்.

ஒரு நாளைக்கு ஆறு தரம் தேத்தண்ணீர் குடித்த மனிதர் அவர். காயப்பட்ட பிறகு, மாசி பிறந்தால் பகலில் தேத்தண்ணீர் கிடையாது. வெக்கைக்குள் சூடாக ஒரு மிடறு போனாலும் தலை வெடிப்பதுபோல் இருக்கும் என்பார். அவர் குடிக்காதபோது நான் மட்டும் எப்படிக் குடிப்பது? நானும் விட்டுவிட்டேன். ஏதாவது தேவை என்றால் கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவார். டங் டங் என்று இரண்டு தரம். நான் எந்த மூலையில் நின்றாலும் கேட்கும்.

போன வருடம் வைகாசியில் ஒரு நாள் கரண்டிச் சத்தம் வரவில்லை. போய்ப் பார்த்தால் கண் சொருகிக் கிடந்தார். முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். பெண் டொக்டர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வெக்கைக் காலத்தில் இவரை இந்தத் தகரத்துக்குக் கீழே வைத்திருக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். வவுனியாவில் இவரைப் போன்றவர்களுக்கென்று ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது. சீமெந்துக் கூரை, மரங்கள், தாதிமார், எல்லாம் உண்டு. வைகாசி பிறக்க அங்கே ஒரு கட்டில் ஒதுக்கினார்கள். வெக்கைக் காலத்துக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அங்கே போய்த் திரும்பி வந்தவர் யாரையும் நான் அறியவில்லை.

அவர் போகக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். பாசம் என்று மட்டும் சொன்னால் பொய். பதினைந்து வருடத்துக்கு மேலாக என் நாள் அந்தக் கரண்டிச் சத்தத்தில்தான் ஓடுகிறது. அவர் இல்லாவிட்டால் நான் காலையில் எதற்கு எழும்ப வேண்டும், யாரோடு சண்டை பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் அறிந்துதான் அக்காவின் மகள் கூரைக்குப் பூச ஒரு வெள்ளைப் பெயின்ற் வாளியோடு வந்தாள். ஆஸ்பத்திரிக்கும் போய் அந்த டொக்டரோடு கதைத்திருக்கிறாள். மத்தியான வேளையில் அறைச் சூடு எதுவரை போகலாம் என்று கேட்டு, சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, தன்னுடைய நகப்பூச்சால் அதில் சிவப்புக் கோடு ஒன்று கீறினாள். தொடர்ந்து பத்து மத்தியானம் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால் அவர் வீட்டிலேயே இருக்கலாம். அதுதான் டொக்டரின் பேச்சு.

"வெள்ளை, வெயில திருப்பி அனுப்பும் சின்னம்மா. ஆனா இது சும்மா வெள்ளையில்ல. தகரத்தில இருக்கிற சூட்டையும் மேல அனுப்பிக்கொண்டே இருக்கும்."

"மேல எண்டா எங்க?"

"வானத்துக்கு."

"கறன்ற் வேண்டாமோ?"

"வேண்டாம்."

"அப்ப ஆர் அனுப்பிறது? சூட்டுக்கு வழி தெரியுமோ?"

"வானம் சரியான குளிர் சின்னம்மா. எவ்வளவு சூடு போனாலும் அது வாங்கும்."

"வானம் குளிரோ? உதை நீ மத்தியானத்தில ரோட்டுக்குத் தார் ஊத்திற சனத்திட்டப் போய்ச் சொல்லு" என்றுவிட்டு எழும்பிக் குசினிக்குப் போனேன். அடுப்பில் மீன் குழம்பு கிடந்தது. கட்டிலடியில் அவளும் என் கணவரும் நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ கேட்பதும் அவள் விளக்குவதும் சத்தமாக மட்டும் கேட்டது. விளங்காத கதையைக் காது கொடுத்துக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. அந்தப் பொறுமை இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டி வந்திராது.

அடுத்த இரண்டு நாளில் அவளும் கூடப் படித்த இரண்டு பெண்களும் கூரையைக் கழுவி, பூசினார்கள். மாமரத்தில் கூரைப் பக்கம் சாய்ந்திருந்த இரண்டு கொப்பையும் வெட்டச் சொன்னாள். பூசுவதற்கு இடைஞ்சல் போலும் என்று நினைத்துக்கொண்டேன். பூசி முடித்த மூன்றாம் நாள்தான் நான் ஏணியில் ஏறித் தகரத்தைத் தொட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு மத்தியானமும் நான் வெப்பமானிக்கு முன்னால் போய் நிற்பேன். கோட்டுக்குக் கீழே. மறுநாளும் கீழே. சுவரில் மாட்டியிருந்த கலண்டரில் நாளுக்கொரு புள்ளடி போட்டேன். ஆறு புள்ளடி விழுந்தது. அவருடைய முகம் சிவக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கும் தெளிவாகக் கதைத்தார். ரேடியோச் செய்திக்குப் பதில்கூடச் சொன்னார். எனக்குச் சந்தோசமா, பயமா என்று தெரியவில்லை. காரணம் தெரியாமல் வந்த நன்மை காரணம் தெரியாமலே போய்விடும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவள் கிளிநொச்சிக்குத் திரும்பிவிட்டாள். கேட்க ஆளில்லை. தொலைபேசியில் கேட்டால் வானத்துக் கதையைத்தான் மறுபடியும் சொல்வாள்.

ஏழாம் நாள் பக்கத்து வீட்டில் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த படப்பிடிப்புக்காரர் ட்ரோன் ஒன்றை மேலே விட்டார். வண்டு இரைவதுபோல ஒரு சத்தம் எங்கள் கூரைக்கு மேலே வந்து நின்றது. உள்ளே அவர் கதையை நிறுத்திவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கலியாணவீட்டுப் படம் எடுக்கிறாங்கள்" என்றேன். "தெரியும்" என்றார். ஆனாலும் சத்தம் போகும்வரை கையை எடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் போனபோது அந்தப் படப்பிடிப்புக்காரர் தன் சிறிய திரையில் படத்தைக் காட்டினார். "இது உங்கட வீடுதானே அன்ரி? வடிவா எடுபடுது. எவ்வளவு உயரத்தில நிண்டாலும் இது ஒண்டுதான் முதல்ல தெரியுது."

பார்த்தேன். தென்னை, மா, பனை, வயல், துருப்பிடித்த தகரங்கள். நடுவில் பளீரென்று எங்கள் வீடு. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எதற்குப் பயந்தேன்? இப்போது மேலே வருவது கலியாணப் படக்காரர் மட்டும்தான். அது எனக்குத் தெரியாதா? ஆனால் சண்டைக் காலத்தில், மேலே வேவு விமானம் திரிந்தபோது, மினுங்குகிற எதையும் நாங்கள் வெளியே வைத்ததில்லை. புதுத் தகரம் போட்டால் அன்றைக்கே அதன்மேல் தென்னோலை பின்னிய கிடுகும் மரக்குழையும் ஏறும். வெள்ளைச் சேலையைக் கொடியில் காயப்போட மாட்டோம். மேலிருந்து பார்த்தால் தெரிகிற வீடு நிற்காது. அந்தக் கணக்கை என் உடம்பு இன்னும் மறக்கவில்லை என்று அந்தத் திரையைப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது.

மறுநாள் கலியாணவீட்டில் சமையல் கொட்டிலைப் பிரித்தார்கள். "கிடுகு வேணுமெண்டா எடுங்கோ அக்கா, எங்களுக்கு இனித் தேவையில்லை" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். நல்ல கிடுகு, அடுப்புப் புகை பட்டதைத் தவிரப் பழுதில்லை. அதைக் கண்டதும் என் தலைக்குள் நியாயங்கள் தாமாக வரிசையில் வந்து நின்றன. இவ்வளவு பாடுபட்டுப் பூசிய பெயின்ற் வெயிலில் காய்ந்தால் உரிந்துபோகாதா? பெயின்ற்றே இவ்வளவு குளிர்மை தருகிறது என்றால் அதற்கு மேல் நிழலும் விழுந்தால் எப்படி இருக்கும்! நான் நாயாற்றுப் பக்கத்தில் பிறந்தவள். ஐயா மீன் பெட்டிக்கு ஐஸ் போட்டு, மரத்தூள் போட்டு, அதற்கு மேல் நனைந்த சாக்குப் போட்டு மூடித்தான் சந்தைக்கு அனுப்புவார். மூடினால்தான் குளிர்மை நிற்கும். அதை மாற்றிச் சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. பயத்தை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, இந்த நியாயங்களைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் தொடங்கி மத்தியானம் வரை கிடுகை ஏற்றிப் பரவி, கயிறு போட்டுக் கட்டி, காற்றுக்குப் பனை மட்டையும் பாரத்துக்கு வைத்தேன். அவ்வளவு நேரத்தில் கரண்டிச் சத்தம் ஒரு தரமும் கேட்கவில்லை. இறங்கி வந்து பார்த்தபோது அவர் விழித்துத்தான் இருந்தார்.

"முடிஞ்சுதோ?" என்றார்.

"ஓம்."

"வடிவா மூடியாச்சோ?"

"ஒரு பொட்டு வெள்ளை தெரியாது" என்றேன், பெருமையாக.

"சரி" என்றுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு வெப்பமானி கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அடுத்த நாள் தாண்டியது. கலண்டருக்கு முன்னால் பேனாவோடு நின்றுகொண்டு, புள்ளடி போடுவதா விடுவதா என்று தெரியாமல் தவித்தேன். பெயின்ற்றும் இருக்கிறது, நிழலும் இருக்கிறது, சூடு எங்கிருந்து வருகிறது? கிடுகுக்குத் தண்ணீர் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கப் பழைய புகை மணத்தோடு புழுக்கம் எழும்பியது. போதவில்லை போலும் என்று இன்னொரு வரி கிடுகு போட்டேன். கூடியதே தவிரக் குறையவில்லை. அந்தப் பெயின்ற் ஏழே நாளில் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

அவருடைய போக்கும் எனக்குப் பிடிபடவில்லை. முகம் மறுபடியும் சிவக்கத் தொடங்கியது. ஆனால் ஒரு முணுமுணுப்பு இல்லை, கரண்டித் தட்டும் இல்லை. தலைமயிர் வெட்ட ஆள் கூப்பிடச் சொன்னார். அலுமாரிக்கு மேலே கிடந்த பையை இறக்கித் துடைத்து வைக்கச் சொன்னார். ஒரு நாள் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று, "தண்ணி மோட்டருக்கு முதல்ல கொஞ்சம் தண்ணி விட்டுத்தான் போட வேணும். நீர் ஒவ்வொரு நாளும் மறக்கிறீர். இனி நான் சொல்லாமலே ஞாபகம் வச்சிரும்" என்றார்.

"ஏன், நீங்கள் எங்க போறியள்?" என்று சீறினேன்.

"ஒண்டுமில்லை. சும்மா சொன்னனான்."

தான் இல்லாமல் இருக்க என்னை மெல்ல மெல்லப் பழக்குகிறார் என்று பட்டது. அவரே போக விரும்புகிறாரோ என்றும் பட்டது. இந்த வெக்கையும் என் வள்ளென்ற பேச்சும் அவருக்குப் போதும் என்று ஆகிவிட்டதோ? கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் ஓம் என்றுவிடுவார்.

பராமரிப்பு இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். வெப்பமானியைத் திரும்பிப் பார்த்தேன். "ஓம், கொண்டுவாறன்" என்று சொன்ன குரல் என்னுடையது போலவே இல்லை. அதே கையோடு அக்காவின் மகளுக்குத் தொலைபேசி எடுத்து, வாயில் வந்தபடி ஏசினேன். உன்னுடைய பெயின்ற் கள்ளம், உன்னுடைய வானம் கள்ளம், எங்களுக்கு ஆசை காட்டி அறுத்துவிட்டாய் என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "அப்பிடி நடக்க ஏலாது சின்னம்மா, நான் வாறன்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வழியாக வந்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். படலையடியில் நின்றவள் உள்ளே வரவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"சின்னம்மா, கூரை எங்க?"

"மேலதான் இருக்கு. வெயில் பட்டுப் பழுதாப் போகும் எண்டு மூடினனான்."

"வெயில் படாமலோ?" வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "ஐயோ சின்னம்மா, அது வெயிலுக்கெண்டு செய்த பெயின்ற். வானம் தெரிஞ்சாத்தான் சூட்டை அனுப்பும். கிடுகு தானும் சூடாகி, கீழ இருக்கிற சூட்டையும் மறிச்சுப் பிடிச்சிருக்கு. அதுக்குத்தானே மாங்கொப்பையும் வெட்டினனாங்கள்!"

"எனக்கு ஆர் சொன்னது?"

"உங்களுக்கு எண்டா... நீங்கள் எழும்பிக் குசினிக்குப் போட்டீங்கள். ஆனா சித்தப்பாவுக்கு வடிவாச் சொன்னனான். மேல ஒண்டும் போடக் கூடாதோ எண்டு அவர்தான் ரெண்டு தரம் கேட்டவர்."

இரண்டு பேரும் உள்ளே போனோம். அவர் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ எட்டு நாளா இதுக்குள்ள வெந்துகொண்டு கிடந்தனீங்கள்? வாயில என்ன, கொழுக்கட்டையோ?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் குசினிக்குள்ள இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தனீர் எண்டு நினைச்சன். தெரிஞ்சுதான் மூடுறீர் எண்டு நினைச்சன்."

"நான் ஏன் தெரிஞ்சுகொண்டு மூடுறன்?"

"களைச்சுப் போனீராக்கும். போங்கோ எண்டு வாயால சொல்ல உமக்கு ஏலாது. அதுதான்... வெப்பமானி சொல்லட்டும் எண்டு விட்டிட்டீர் எண்டு நினைச்சன். உம்மில பிழை இல்லை. நானும் அதுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாது எண்டு பேசாமக் கிடந்தனான்."

மேலே நான் கிடுகைப் பரவிக் கயிறு இழுத்துக் கட்டிய ஒவ்வொரு சத்தத்தையும் அவர் கீழே கிடந்து கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முடிச்சையும் தனக்குப் போட்டதாக நினைத்திருக்கிறார். ஒரு பொட்டு வெள்ளை தெரியாது என்று அவருக்கு முன்னால் நின்று பெருமை பேசியிருக்கிறேன். அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. "விசர் மனுசன்" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி ஏணியில் ஏறினேன்.

வெயில் உச்சியில் நின்றது. அவள் கீழே நின்று, "கொஞ்சம் பொறுத்துச் செய்வம், இறங்குங்கோ" என்று கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. கத்தியால் கயிற்றை அறுத்து, பனை மட்டையை எறிந்து, கிடுகை வரி வரியாக இழுத்துக் கீழே தள்ளினேன். புகையும் தூசியும் கண்ணில் விழுந்தன. கையில் ஈர்க்குக் கீறியது. உரித்த இடத்தில் தகரம் முதலில் வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த வரியை முடித்துவிட்டு அங்கே திரும்பி வந்து வெறுங்காலை வைத்தபோது அந்தச் சூடு இல்லை. எங்கே போனது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். வானம் வெறுமையாகக் கிடந்தது. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அடுத்த கிடுகை இழுத்தேன்.

அவள் பராமரிப்பு இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்து இரண்டு கிழமை தவணை வாங்கினாள். பத்து மத்தியானத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும் என்றாள். அந்தப் பத்தும் கோட்டுக்குக் கீழேதான் நின்றது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

மூன்று மணிபோலக் கடைசி வரியில் நின்றேன். முற்றம் முழுக்கக் கிடுகு. எனக்குக் கீழே, தகரத்துக்கு அந்தப் பக்கத்தில், டங் டங் என்று கரண்டிச் சத்தம் கேட்டது. எட்டு நாளாகக் கேட்காத சத்தம்.

"என்ன வேணும்?" என்று கூரையில் இருந்தபடியே கத்தினேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை.

"தேத்தண்ணி."

"இந்தப் பகலிலயோ?"

"ஓம்" என்றார். "சுடச்சுடப் போட்டுக்கொண்டு வாரும். உமக்கும்."